பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் மீது ஏன் இத்தனை ஆசை? எம்.ஜி.பி.யின் பானெட்டைத் திறந்தால் தெரியும்

பிரிட்டனின் எம்.ஜி. நிறுவனம் செய்த எம்.ஜி.பி. வேகமான கார் அல்ல. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைலை எட்ட ஏறத்தாழ 12 விநாடி எடுத்துக்கொள்ளும். அடி வரை மிதித்தாலும் மணிக்கு 165 கிலோமீட்டர் அளவில் நின்றுவிடும். இன்றைய குடும்பக் கார்கள் பலவும் இதைச் சிரமமில்லாமல் முந்திவிடும். துணிக் கூரை மழைக்கு முழுதாக அடைபடாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது, கிளட்ச் மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். 1980-இல் உற்பத்தி நின்றுபோன இந்தக் காரை, இத்தனையும் தெரிந்தே, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இன்றைக்கும் ஆயிரக்கணக்கானோர் தேடி வாங்குகிறார்கள்.

தோற்றம் ஒரு காரணம். திறந்த காரில் முகத்தில் மோதும் காற்று இன்னொன்று. அப்பாவோ மாமாவோ ஒரு காலத்தில் வைத்திருந்தார் என்ற நினைவும் பலருக்கு உண்டு. ஆனால் இவை வாங்க வைக்கும் காரணங்கள். வாங்கியவர் இருபது வருடம் விற்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு: இந்தக் காரில் ஒவ்வொரு பாகமும் செய்யும் வேலையைக் கண்ணால் பார்க்கலாம், கையால் திருத்தலாம், திருத்தியதன் பலனை அடுத்த வளைவிலேயே உணரலாம். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் இது மிகத் தெளிவாகத் தெரிவது எம்.ஜி.பி.யில்தான்.

சலூன் கார் பாகங்களால் ஆன ஸ்போர்ட்ஸ் கார்

1962-இல் அறிமுகமான எம்.ஜி.பி., ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள அபிங்டன் தொழிற்சாலையில் உருவானது. வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் சிட் எனெவர். திறந்த ரோட்ஸ்டரும் 1965-இல் வந்த ஜிடி கூப்பேயும் சேர்ந்து 5 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் வெளிவந்தன. அவற்றில் பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது.

விலையைக் கட்டுக்குள் வைக்க, எம்.ஜி.யின் தாய் நிறுவனமான பி.எம்.சி.யின் (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) சாதாரண சலூன் கார்களில் ஓடிய பாகங்களையே எடுத்துக்கொண்டார்கள். எஞ்சின் பி-சீரிஸ் வகை, 1,798 சிசி, ஆரம்பத்தில் 95 குதிரைத்திறன். இதே குடும்பத்தின் 1,489 சிசி எஞ்சின்தான் நம் ஊர் அம்பாசடரில் பல்லாண்டு ஓடியது. பெட்ரோல் அம்பாசடரில் கை பழகிய மெக்கானிக்குக் கார்புரேட்டரும் சைலன்சர் மேனிஃபோல்டும் ஒரு பக்கம், டிஸ்ட்ரிபியூட்டர் மறுபக்கம் என்ற அந்த அமைப்பு உடனே பிடிபடும். இந்த எஞ்சின் பளு தாங்கும், இழுக்கும், அதிக ஆர்.பி.எம். கேட்காது. 1964 இறுதியில் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகள் மூன்றிலிருந்து ஐந்தாக உயர்ந்தன. நீண்ட தூரம் ஓட்டுபவர்கள் அதற்குப் பிந்தைய எஞ்சினையே விரும்புகிறார்கள்.

சுமார் 920 கிலோ எடை, உதவியில்லாத ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங், 14 அங்குலச் சக்கரத்தில் ஒல்லியான டயர் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் ஓட்டும் உணர்வைத் தருகின்றன. ஒல்லி டயர் பிடியை இழக்கும் முன்பே ஸ்டீயரிங் வழியாக எச்சரிக்கும். மணிக்கு 70 கிலோமீட்டரில் ஒரு கிராமத்து வளைவை எடுக்கும்போதே ஓட்டுநருக்குச் செய்ய வேலை இருக்கும். புதிய ஸ்போர்ட்ஸ் காரில் அந்த அளவு ஈடுபாடு கிடைக்க, சட்டம் அனுமதிக்காத வேகம் தேவைப்படும்.

லேகாக் ஓவர்டிரைவ் இருந்தால் இன்பம் இரட்டிப்பு. கிளட்சை மிதிக்காமல் ஒரு சுவிட்சைத் தட்டினால் டாப் கியருக்கு மேல் இன்னொரு கியர் விழும். மணிக்கு 100 கிலோமீட்டரில் 3,500 சுற்று ஓடிய எஞ்சின் 2,800-க்கு இறங்கும். ஓவர்டிரைவ் விழவில்லை என்றதும் கியர்பாக்ஸைக் கழற்றச் சொல்பவர்கள் உண்டு. முதலில் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள், பிறகு சுவிட்ச், வயர், சாலினாய்டு (ஓவர்டிரைவை இயக்கும் மின்காந்தம்). பெரும்பாலும் இந்த வரிசையிலேயே கோளாறு கிடைத்துவிடும். ஓவர்டிரைவும் கியர்பாக்ஸும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்கின்றன. அது எஞ்சினுக்கு ஊற்றும் அதே 20டபிள்யூ-50. கியர் ஆயில் என்று பெயர் போட்ட டப்பாவை எடுத்து ஊற்றக் கூடாது.

ஒரு மாலை நேர ட்யூனிங்

இந்தக் காரின் ஈர்ப்பைச் சொல்லி விளக்குவதைவிட, ட்யூனிங் எப்படிச் செய்கிறார்கள் என்று காட்டுவது சுலபம். வால்வு, இக்னிஷன், கார்புரேட்டர் என்ற வரிசை மாறக் கூடாது. வால்வு இடைவெளி தவறாக இருக்கும் எஞ்சினில் கார்புரேட்டரைத் திருகினால், ஒரு தவறை இன்னொரு தவறால் மூடுவதாகத்தான் முடியும்.

முதலில் கருவி. மரைகள் அங்குல அளவில் உள்ளவை. 7/16, 1/2, 9/16 ஸ்பேனர்கள் இருந்தால் பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடும். அரை அங்குல நட்டுக்கு 13 எம்.எம். ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்தும். அந்தக் ‘கிட்டத்தட்ட’தான் நட்டின் முனைகளை மழுக்கிவிடும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பிளக்குகளைக் கழற்றிவிட்டு, வால்வுகளுக்கு மேலுள்ள ராக்கர் மூடியைத் திறக்கவும். பிளக் இல்லாத எஞ்சின் லேசாகச் சுழலும். டாப் கியரில் போட்டு, காரை மெல்லத் தள்ளியே சுழற்றலாம். முன்னிருந்து பின்னாக வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண். கணக்கு ஒன்பது: 8-ஆம் வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போது 1-ஐச் சரிசெய்ய வேண்டும், 6 திறந்திருந்தால் 3, 4 திறந்திருந்தால் 5, இப்படி இரண்டு எண்ணும் சேர்ந்து எப்போதும் ஒன்பது வரும். இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. ஃபீலர் கேஜ் லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். லாக்நட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளக்காவிட்டால் அந்த வால்வைச் செய்யாததற்குச் சமம். இறுக்கும்போது திருகும் சேர்ந்து கொஞ்சம் திரும்பிவிடும்.

1, 4, 5, 8 ஆகிய நான்கும் எக்ஸாஸ்ட் வால்வுகள். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் இவற்றின் இடைவெளி மட்டும் குறைந்துகொண்டே வந்தால், வால்வு தன் இருக்கைக்குள் புதைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. வால்வு இருக்கையைக் காத்தது அந்த ஈயம். பிரிட்டனில் 1999 இறுதியோடு ஈயப் பெட்ரோல் பொது விற்பனையிலிருந்து போய்விட்டது. ஹெட்டை எப்போதாவது கழற்ற நேர்ந்தால் கடினப்படுத்திய எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகளைப் பொருத்திவிடுவதுதான் நிரந்தரத் தீர்வு. அதுவரை பெட்ரோலில் சேர்க்கும் திரவங்கள் கைகொடுக்கும்.

அடுத்து இக்னிஷன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டின் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம், ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. பாயிண்டைத் தொட்டால் டைமிங்கும் நகரும் என்பதால் பாயிண்ட் முதலில், டைமிங் பிறகு. ஆரம்பகால எஞ்சின்களுக்கு நிலையான டைமிங், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன்னதாக. இன்று விற்கும் மலிவான கண்டென்சரும் ரோட்டார் ஆர்மும் பழையவற்றின் தரத்தில் இல்லை. புதிதாகப் போட்ட பாகமே வழியில் காரை நிறுத்துவது இந்தக் கார்களில் அடிக்கடி நடக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய பாகத்தைத் தூக்கி எறியாமல் டிக்கியில் வைத்திருப்பது நல்லது. எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறினாலும் இதே அறிவுரைதான்.

கடைசியாக, பலரை இந்தக் காரோடு கட்டிப்போடும் பாகமான இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர்கள். பல ஜெட்டுகள் (பெட்ரோல் வரும் நுண்துளைகள்) தேவைப்படும் வேலையை எஸ்.யு. ஒரே ஜெட்டில் முடித்துவிடும். எஞ்சின் இழுக்கும் காற்றின் அளவுக்கேற்ப ஒரு பிஸ்டன் தானாக மேலேறும். அதன் அடியில் கூம்பாகக் கூராகும் ஊசி ஒன்று ஜெட்டுக்குள் நிற்கிறது. பிஸ்டன் ஏற ஏற ஊசி மெலிவதால் பெட்ரோல் அதிகம் வரும். பிஸ்டன் சட்டென்று குதிக்காமல் தடுப்பது, மேலே உள்ள டாஷ்பாட் என்ற சிறு குழலில் இருக்கும் எண்ணெய். மூடியின் மரை பிடிக்கும் முன்பே எதிர்ப்பு தெரியும் அளவுக்கு அது இருக்க வேண்டும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் எஞ்சின் ஒரு கணம் திணறினால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

சீராக்கும் முறை இது. எஞ்சினை ஓட்டுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஏர் ஃபில்டர்களைக் கழற்றி, இரண்டு கார்புரேட்டர்களையும் இணைக்கும் கம்பியின் கிளாம்புகளைத் தளர்த்துங்கள். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் மாற்றி மாற்றி வைத்து, இரண்டிலும் ஒரே அளவு ‘ஸ்ஸ்’ கேட்கும்வரை ஐடிலிங் திருகுகளைத் திருப்புங்கள். பிறகு கலவை. ஜெட்டுக்கு அடியில் உள்ள அறுகோண நட்டை மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், இறக்கினால் கூடும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், ஜெட்டை மேல்மட்டம்வரை ஏற்றிவிட்டு இரண்டு முழுச் சுற்று இறக்குங்கள். அதற்குப் பிறகு ஒரு நேரத்தில் ஆறில் ஒரு சுற்றுதான். பக்கத்தில் உள்ள சிறு முனையை அழுத்தி பிஸ்டனை 0.8 மி.மீ. மட்டும் தூக்குங்கள். ஆர்.பி.எம். ஏறி அங்கேயே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே இறங்கினால், அல்லது எஞ்சின் அணைந்தால், குறைவு. லேசாக ஏறிப் பழைய நிலைக்குத் திரும்பினால் சரி. இரண்டுக்கும் பார்த்து முடித்த பிறகே கிளாம்புகளை இறுக்க வேண்டும்.

இதற்குக் கணினி வேண்டாம், கோளாறுக் குறியீடு வாசிக்கும் கருவி வேண்டாம், காதும் பொறுமையும் போதும். வீணை மீட்டுபவர் சுருதி சேர்ப்பதற்கு மிக அருகில் உள்ள வேலை. வேலை முடிந்து ஓட்டிப் பார்க்கும்போது கிடைக்கும் அந்த வழுக்கலான இழுவைக்குப் பழகியவர்கள் எளிதில் இந்தக் காரை விடுவதில்லை.

ஓயாத சில கோளாறுகள்

லூகாஸ் மின்பாகங்களைப் பற்றிய கேலிகள் உலகம் முழுக்க உண்டு. சென்னைக்காரர்களுக்கு அந்தப் பெயர் பாடி பகுதியிலுள்ள லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை வழியாக அன்றாடம் கேட்டுப் பழகிய ஒன்று. நியாயமாகச் சொன்னால், எம்.ஜி.பி.யில் கெட்டுப்போவது பெரும்பாலும் லூகாஸ் பாகம் அல்ல, இணைப்புதான். துப்பாக்கிக் குண்டு வடிவ வயர் முனைகள் ஈரத்தில் பச்சை பிடிக்கும், எர்த் புள்ளிகள் துருவேறும். இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு மங்குகிறதா? எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே போதும். 1967 வரை வந்த கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். ஜம்ப் கேபிள் மாட்டும் முன்னும், போன் சார்ஜர் செருகும் முன்னும் இதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். 1974 வரை 12 வோல்ட் என்பது இருக்கைக்குப் பின்னே தரையடியில் ஒளிந்திருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள். அவை இருக்கும் பெட்டிகள் அமிலத்தாலும் சாலைச் சேற்றாலும் அரிபடும். பலர் ஒரே 12 வோல்ட் பேட்டரிக்கு மாறிவிட்டார்கள்.

பெட்ரோல் பம்ப் சத்தம் ஒரு இலவச மருத்துவர். சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் கிண்ணங்கள் நிரம்பியதும் நிற்க வேண்டும். நிற்காமல் அடித்தால் டாங்க் காலி, அல்லது வழியில் காற்று புகுகிறது, அல்லது ஃப்ளோட் ஊசி மூடாமல் பெட்ரோல் வழிகிறது. சத்தமே இல்லையென்றால் பம்பின் பாயிண்ட் ஒட்டியிருக்கும். லேசாக ஒரு தட்டு தட்டினால் வீடு வரை வரும்.

பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் ஈ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்கள் அதில் இளகி வெடிக்கும். ஆர்9 என்று முத்திரையிட்ட குழாய்க்கு மாற்றிவிட்டு, முடிந்தவரை எத்தனால் குறைந்த சூப்பர் ரகத்தை நிரப்புவது பாதுகாப்பு. எஞ்சின் சூட்டுக்கு மேலே பெட்ரோல் கசிவது விளையாட்டல்ல.

முன்சக்கரங்கள் திரும்பும் அச்சுகளான கிங்பின்களுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும், பக்கத்துக்கு மூன்று நிப்பிள். காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் அடிக்க வேண்டும். பாரம் இருந்தால் கிரீஸ் போக வேண்டிய இடைவெளியே மூடிக்கிடக்கும். இதைத் தவறவிட்ட காரில் வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. கிளட்சின் ரிலீஸ் பேரிங் உருளைப் பேரிங் அல்ல, கார்பன் வளையம். சிக்னலில் கிளட்சை மிதித்தபடி நின்றால் அது தேய்ந்துகொண்டே இருக்கும். நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்துவிடுவது எஞ்சினைத் தூக்கும் செலவைப் பல வருடம் தள்ளிப்போடும்.

ஸ்போக் சக்கரம் வேண்டுமென்று ஆசைப்படுபவர்கள், பிரேக்கை ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, தூக்கிய சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் ஹப்பின் பற்கள் தேய்ந்திருக்கின்றன. தேய்ந்த ஹப்பில் புதுச் சக்கரம் போட்டால் புதியதும் வீணாகும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எஞ்சினைப் பார்த்து வாங்காதீர்கள்

மேலே சொன்னவை எல்லாம் தாங்கக்கூடிய செலவுகள். தாங்க முடியாதது துரு. எம்.ஜி.பி.க்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். ரோட்ஸ்டரில் கூரையும் இல்லாததால், கதவுக்கு அடியில் ஓடும் சில்தான் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்துவைத்திருக்கிறது. அது வெளித்தகடு, நடுத்தகடு, உட்பகுதி என அடுக்கடுக்காக அமைந்த பெட்டி. உள்ளே நீர் தங்கினால், வெளியில் பெயிண்ட் பளபளக்கும்போதே உட்தகடு உதிர்ந்துகொண்டிருக்கும்.

சோதிக்கும் வழி எளிது. கதவு மூடிய நிலையில் கதவைச் சுற்றியுள்ள இடுக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜாக்கி வைக்கும் இடத்தில் காரைத் தூக்கி மறுபடி பாருங்கள். இடுக்கு குறுகினால், அல்லது கதவு திறக்க மறுத்தால், பாடி மடிகிறது. காந்தத்தைத் துணியில் சுற்றி சில் நெடுக நகர்த்தினால், அது ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. பின் ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டியிருக்கும் இடம், பேட்டரிப் பெட்டி, தரைத் தகடு, கண்ணாடிக்கு முன்னுள்ள ஃபெண்டரின் மேல்பகுதி ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். பழைய சில்லை வெட்டாமலே அதன் மேல் புதுத் தகட்டை மூடி வெல்டிங் செய்திருப்பதும் சகஜம். துருவுக்கு மேல் போர்வை போர்த்திய வேலை அது.

சில் மாற்றும்போது நேரும் பெரிய தவறு ஒன்று உண்டு. வெட்டுவதற்கு முன் கதவு வாயில் இரும்புக் குழாயைக் குறுக்கே வெல்டு செய்து பாடியைப் பூட்ட வேண்டும். காரும் தன் ஆக்சில்கள் மீதே பாரத்தோடு நிற்க வேண்டும். ஜாக்கியில் நடுவே தூக்கி வைத்துவிட்டு வெட்டினால் பாடி வளைந்த நிலையிலேயே வெல்டிங் ஆகிவிடும். அதற்குப் பின் எந்தக் கதவும் சரியாக மூடாது, திருத்தவும் வழியில்லை. ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கம்.

இந்த இடத்தில்தான் எம்.ஜி.பி. மற்ற பழைய கார்களிலிருந்து தனித்து நிற்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988-இல், பழைய அச்சுகளைத் தேடிச் சேகரித்து, முழுப் பாடியையே புதிதாகத் தயாரிக்கத் தொடங்கியது. உற்பத்தி நின்ற காருக்குப் புதுப் பாடி! எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாவற்றையும் பழைய காரிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். 1930-இல் தொடங்கிய எம்.ஜி. கார் கிளப்பும் 1973-இல் தொடங்கிய ஓனர்ஸ் கிளப்பும் சேர்த்துவைத்த அனுபவமும், 5 லட்சம் கார்கள் உருவாக்கிய பாகச் சந்தையும் இதற்குப் பின்னால் இருக்கின்றன. ஜாகுவார் ஈ-டைப்பின் அழகு இதற்கு இல்லை, லோட்டஸ் எலானின் நுட்பமும் இல்லை. ஆனால் நடுத்தரச் சம்பளக்காரர் தானே பழுதுபார்த்து வைத்துக்கொள்ளக்கூடியது இதுதான்.

எந்த வருடக் கார்? 1974 இறுதியில் அமெரிக்க விதிகளுக்காகக் குரோம் பம்பர் போய்க் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது, காரின் உயரமும் ஒன்றரை அங்குலம் கூடியது. வளைவில் சாய்வு அதிகமானது. 1977 மாடலில் சாய்வைக் குறைக்கும் ஆன்ட்டி ரோல் பார்களைச் சேர்த்து ஓரளவு சரிசெய்தார்கள். அதனால் ரப்பர் பம்பர் கார்களுக்கு விலை குறைவு. துருப்பிடித்த குரோம் பம்பர் காரைவிட உறுதியான ரப்பர் பம்பர் கார் எத்தனையோ மேல். கலிஃபோர்னியா போன்ற வறண்ட இடங்களிலிருந்து திரும்பி வரும் கார்களில் பாடி நன்றாக இருக்கும். 1975-க்குப் பிந்தைய அமெரிக்க மாடல்களில் ஒற்றை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர்தான் என்பதால் இழுவை மிகக் குறைவு, இரட்டை எஸ்.யு.வுக்கு மாற்ற ஆகும் செலவையும் கணக்கில் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

பிரிட்டனில் 40 வயதைக் கடந்த, பெரிதாக மாற்றியமைக்கப்படாத காருக்கு 2018 மே மாதத்திலிருந்து ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. சாலை வரியும் இல்லை. சலுகை நல்லதுதான். ஆனால் யாருமே காரின் அடியைப் பார்க்காமல் வருடங்கள் ஓடிவிடும் ஆபத்தும் அதோடு வருகிறது. விருப்பத்தின் பேரில் அந்தச் சோதனையைச் செய்துகொள்ளலாம். செய்யாவிட்டால், குளிர்காலத்துக்கு முன் சில்லுக்குள் மெழுகு பீய்ச்சுவதோடு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் திரவத்தையும் மாற்றுங்கள். பிரேக்கை விட்ட பிறகும் ஒரு சக்கரம் இழுத்துப் பிடித்தால், காலிப்பரைக் கழற்றும் முன் அந்தப் பக்கத்து ரப்பர் குழாயை மாற்றிப் பாருங்கள். வெளியே புதிதுபோல் தெரியும் குழாய், உள்ளே வீங்கி அடைத்திருக்கும்.